சீருடை கம்பெனியுடையது, அழுக்கு மட்டும் தொழிலாளியுடையதா?

வாராவாரம் ஏதாவது ஒரு பத்திரிகையின் இணைப்பில் அந்தக் கட்டுரை வந்துவிடும். 'துணிமணிகள் நீண்ட நாள் உழைக்கப் பத்து வழிகள்'. வெள்ளைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். சாயத்துணியை நிழலில் உலர்த்துங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டு இஸ்திரி செய்யுங்கள். பட்டுச்சேலையை அவ்வப்போது மடிப்பு மாற்றி வையுங்கள். லேபிளைப் படிக்காமல் எதையும் தண்ணீரில் நனைக்காதீர்கள்... இப்படியே போகும்.

பத்தும் சரிதான். ஒன்றில்கூடத் தப்பு இல்லை. ஆனால் இந்தப் பத்தையும் செய்ய என்னென்ன வேண்டும்? நிழலில் உலர்த்த ஒரு பால்கனி வேண்டும். ரகம் பிரித்துத் துவைக்க நாலைந்து வாளி நல்ல தண்ணீர் வேண்டும். ஊற வைத்துக் காத்திருக்க நேரம் வேண்டும். காய்ந்ததை மடித்து வைக்க அலமாரி வேண்டும். இவ்வளவும் இருப்பவருக்குத் துணி தானாகவே கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். இல்லாதவரிடம் போய் "நீ துணியைச் சரியாகப் பார்த்துக்கொள்வதில்லை" என்று சொல்வதுதான் கொடுமை!

ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்து ஒரகடம் வரை உள்ள தொழிற்சாலை வரிசையில் வைத்து அந்தக் கட்டுரையைப் படித்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு நோக்கியா வந்தது, 2014-ல் மூடிவிட்டுப் போனது. ஒரகடத்தில் 2010-ல் ரெனால்ட்-நிசான், 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. நடுவில் டயர், கண்ணாடி, செல்போன், அவற்றுக்கெல்லாம் உதிரிபாகம் செய்யும் நூற்றுக்கணக்கான சின்ன கம்பெனிகள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சுங்குவார்சத்திரம் பக்கம் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டும். இறங்குகிறவர்கள் எல்லோரும் சீருடையில்தான் இருப்பார்கள். சட்டையின் நிறத்தைப் பார்த்தே எந்தக் கம்பெனி, பெர்மனென்டா கான்ட்ராக்டா என்று டீக்கடைக்காரர் சொல்லிவிடுவார்.

அந்தச் சீருடைதான் அவர்கள் வாழ்க்கையில் அதிகம் உடுத்தும் உடை. வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம், ஓ.டி. இருந்தால் அதற்கும் மேலே, போகவர பஸ் பயணம் வேறு. தீபாவளிக்கு எடுத்த சட்டை வருஷத்துக்கு நாலு முறை வெளியே வந்தால் அதிகம். ஆக, 'துணியை நீண்ட நாள் உழைக்க வைப்பது எப்படி' என்ற கேள்வி இந்த ஊரில் உண்மையில் சீருடையைப் பற்றிய கேள்விதான்.

துணி எதனால் வீணாகிறது?

உடுத்தி உடுத்தித்தான் துணி நைந்துபோகிறது என்ற நினைப்பு பாதிதான் சரி. மீதிப் பாதி சேதம் துவைக்கும் கல்லில், பிரஷ்ஷில், முறுக்கிப் பிழிவதில், வெயிலில் நடக்கிறது. அதுவும் ஒவ்வொரு நூலுக்கும் ஒவ்வொரு விதம்.

பருத்தி நனைந்தால் இன்னும் வலுவாகும். அதனால்தான் நம்மூர் வேட்டி கல்லில் அடிபட்டும் தாக்குப்பிடித்தது. விஸ்கோஸ் (கடையில் 'ரேயான்' என்பார்கள்) நேர் எதிர். நனைந்தால் அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வேட்டியை முறுக்குவதுபோல ரேயான் குர்தியை முறுக்கினால் அதன் ஆயுள் அன்றைக்கே குறைகிறது. லெக்கிங்ஸில் இழுத்தால் நீளும் இழை எலாஸ்டேன். அதற்குச் சூடும் ஆகாது, பிளீச்சிங்கும் ஆகாது. பட்டும் கம்பளியும் புரத இழைகள். சலவை சோடா போன்ற காரத்திலும், கறை நீக்க என்சைம் சேர்த்த சோப்புத்தூளிலும் அவை அரிபட்டுப்போகும்.

பாலியஸ்டர் தனி ரகம். நூறு கிராம் பருத்தி சாதாரணமாகக் காற்றிலிருந்தே ஏழெட்டு கிராம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. அதனால் சீக்கிரம் காயும், சுருங்காது, நிறம் போகாது. சீருடை வாங்குகிற பர்ச்சேஸ் அதிகாரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் தண்ணீரைத் தள்ளிவிடும் பாலியஸ்டர் எண்ணெயைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். மெஷின் எண்ணெய், உடம்பு எண்ணெய் இரண்டையும்தான். 2014-ல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 பேரை உடற்பயிற்சி செய்ய வைத்து, அவர்களுடைய பனியன்களை எடுத்துச் சோதித்தார்கள். பருத்தியைவிடப் பாலியஸ்டரில்தான் நாற்றம் அதிகம். நாற்றம் உண்டாக்கும் மைக்ரோகாக்கஸ் வகை பாக்டீரியா பாலியஸ்டரில் நன்றாக வளர்ந்திருந்தது.

தொழிற்சாலைச் சீருடைகள் பெரும்பாலும் இந்த இரண்டும் கலந்த பாலி-காட்டன்தான். கலப்புத் துணியை பிரஷ் போட்டுத் தேய்த்தால் பலம் குறைந்த பருத்தி இழை அறுந்து மேலே வரும். பலம் கூடிய பாலியஸ்டர் இழை அதைப் போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். காலரிலும் கஃப்பிலும் உருண்டை உருண்டையாக நூல் முடிச்சுகள் வருவது இதனால்தான். துணி மட்டம் என்று சொல்வதற்கு முன்னால் இதையும் யோசிக்க வேண்டும்.

இனி, உப்புத்தண்ணி

வெளிமாவட்டத்திலிருந்தும் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்பவர்கள் தங்குவது ஹாஸ்டலில், அல்லது நாலைந்து பேர் சேர்ந்து எடுத்த வாடகை ரூமில். அங்கே துவைக்கக் கிடைப்பது பெரும்பாலும் போர் தண்ணீர். ஊர்க்காரர்கள் அதை 'உப்புத்தண்ணி' என்கிறார்கள். உண்மையில் அதில் பிரச்சனை செய்வது சமையல் உப்பு மட்டும் இல்லை. கால்சியமும் மக்னீசியமும்தான் முக்கியக் குற்றவாளிகள். அவை சோப்போடு சேர்ந்து கரையாத ஒரு பிசுக்காக மாறும். நுரை வராது. நுரை வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் சோப்பு. இன்னும் கொஞ்சம் பிசுக்கு. அது இழைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாலே மாதத்தில் வெள்ளைச்சட்டை சாம்பல் நிறமாகி, காய்ந்தால் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். விறைத்த துணி மடிப்பு விழும் இடத்தில் சீக்கிரம் கிழியும்.

இப்போது ஒரு நாள் கணக்கைப் பார்க்கலாம். இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் ரூமுக்கு வருகிறார் ஒரு பெண். குழாயடியில் வரிசை. ஒரு வாளி தண்ணீர் கிடைக்கிறது. அந்த ஒரு வாளியில் சீருடை, உள்ளாடை, துப்பட்டா எல்லாம் சேர்ந்தே ஊறும். 'ரகம் பிரித்துத் துவையுங்கள்' என்ற அறிவுரை அந்த வாளிக்குள் மூழ்கிப்போகும். அலச இரண்டாவது வாளிக்கு அடுத்தவர் காத்திருக்கிறார். அரைகுறையாக அலசிய துணியில் சோப்பு மிச்சம் இருக்கும். அதை முறுக்கிப் பிழிந்து, ரூமுக்குள்ளேயே கட்டிய கொடியில், ஏற்கெனவே தொங்கும் இன்னும் இரண்டு பேரின் துணிக்கு நடுவில் போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது இரண்டு நாளானாலும் காயாது. கொடுத்திருப்பதோ இரண்டு செட். காயாத சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான்.

இவருக்கு என்ன தெரியவில்லை என்று அந்தப் 'பத்து வழிகள்' கட்டுரை சொல்லிக்கொடுக்கப் போகிறது? ஸ்ரீபெரும்புதூர் இருப்பது காஞ்சிபுரம் மாவட்டத்தில். பட்டைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும், ஜரிகையில் நாஃப்தலீன் உருண்டை படக்கூடாது, கட்டிய சேலையை உடனே மடிக்காமல் நிழலில் காற்றாட விட வேண்டும் என்பதெல்லாம் இங்கே எந்த வீட்டிலும் தெரிந்த சங்கதி. வருஷத்தில் இரண்டு நாள் கட்டும் சேலைக்குக் கிடைக்கும் மரியாதை தினமும் போடும் சீருடைக்குக் கிடைக்காததற்கு அறியாமை காரணம் இல்லை. தண்ணீரும் இடமும் நேரமும் கிடைக்காததுதான் காரணம்.

கம்பெனிக்குத் துணி அறிவியல் தெரியாதா?

நன்றாகவே தெரியும்! அதுதான் இந்த விவகாரத்தில் எரிச்சலூட்டும் இடம்.

செல்போன், மின்னணுப் பலகை செய்யும் ஆலைகளில் போடும் கோட்டைப் பார்த்தால் சின்னச் சின்னக் கட்டமாகக் கறுப்பு நூல் ஓடும். அது அழகுக்கு இல்லை. மின்சாரம் கடத்தும் கார்பன் இழை அது. உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தை மெல்ல வடியச்செய்து, நுண்ணிய சிப்கள் கருகாமல் காப்பாற்றுகிறது. அந்தக் கோட்டுக்குப் பிளீச்சிங் கூடாது, கஞ்சி கூடாது, கம்ஃபர்ட் மாதிரியான மென்மையாக்கி கூடாது. அவை இழையைக் கெடுக்கும், அல்லது மேலே ஒரு படலமாகப் படிந்து கடத்தும் திறனைக் குறைக்கும். குறிப்பிட்ட முறை சலவைக்குப் பிறகு கோட்டை அளந்து பார்க்கவும் வேண்டும்.

கார் ஆலையின் பெயின்ட் ஷாப்பில் இன்னொரு கட்டுப்பாடு. அங்கே போடும் உடையிலிருந்து ஒரு நூல்பிசிறுகூட உதிரக்கூடாது. சிலிகான் கலந்த எதுவும் அருகில் வரக்கூடாது. சில மென்மையாக்கிகளிலும் வாசனைப் பொருட்களிலும் சிலிகான் உண்டு. அது துளியூண்டு பட்டாலும் பெயின்ட்டில் அம்மைத்தழும்பு மாதிரிக் குழி விழும். வெல்டிங் பகுதியில் பாலியஸ்டரே ஆபத்து. தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே பருத்தியோ, தீத்தடுப்பு செய்த துணியோதான் வேண்டும். சில தீத்தடுப்புத் துணிகளை உப்புத்தண்ணீரிலும் சாதாரண சோப்பிலும் துவைத்தால் அந்தப் பிசுக்கு படிந்து, படிந்த பிசுக்கே தீப்பிடிக்கும். பாதுகாப்பு உடை பெயரளவில் மட்டும் பாதுகாப்பு உடையாக இருக்கும்.

ஆக, எந்தத் துணியை எப்படித் துவைக்க வேண்டும் என்பது தொழிற்சாலைக்கு அத்துப்படி. தூய அறைகளுக்கான முழு உடையைத் தொழிலாளி வீட்டுக்கு எடுத்துப்போவதே இல்லை. அது வடிகட்டிய தண்ணீரில் துவைக்கும் சிறப்புச் சலவையகத்துக்குப் போய், உறையிலிடப்பட்டுத் திரும்பி வரும். இதுதான் உலகம் முழுக்க அந்தத் தொழிலின் நடைமுறை. அதாவது, துணியிலுள்ள தூசு பொருளைக் கெடுக்கும் என்றால் சலவை கம்பெனியின் பொறுப்பு. பொருளிலுள்ள எண்ணெய் ஆளைக் கெடுக்கும் என்றால் சலவை ஆளின் பொறுப்பு! இந்த ஒரு கோட்டை எங்கே போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும், மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2007-ல் தொடங்கிய சாம்சங் ஆலையில் டி.வி., ஃபிரிட்ஜோடு வாஷிங் மெஷினும் தயாராகிறது. 2024-ல் செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை, 37 நாள், சங்க அங்கீகாரமும் ஊதிய உயர்வும் கேட்டு வேலைநிறுத்தம் நடந்ததே, அதே ஆலைதான். இன்றைய வாஷிங் மெஷினில் பருத்திக்கு ஒரு சுற்று, செயற்கை இழைக்கு ஒரு சுற்று, மென்மையான துணிக்கு ஒரு சுற்று என்று வகைவகையாக இருக்கும். நூலின் குணம் தெரிந்த இயந்திரம் பிறக்கும் ஊரிலேயே, ஆயிரமாயிரம் பேருக்கு எல்லாத் துணிக்கும் ஒரே வாளி, ஒரே பிரஷ்.

சட்டம் என்ன சொல்கிறது?

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 42-ஆவது பிரிவு கைகால் கழுவும் வசதி பற்றியது. 43-ஆவது பிரிவு, வேலை நேரத்தில் உடுத்தாத உடைகளை வைக்கவும் நனைந்த உடைகளை உலர்த்தவும் இடம் தர வேண்டும் என்று மாநில அரசு விதி செய்யலாம் என்றது. கவனிக்க வேண்டும், 'செய்யலாம்'. 2025 நவம்பர் 21-ல் அந்தச் சட்டத்தின் இடத்தில் அமலுக்கு வந்த, 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்திலும் உடை வைக்கவும் உலர்த்தவும் இடம் என்பது நலவசதிகளில் ஒன்றாக வருகிறது. நல்லது. முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே ஈரத்துணியைப் பற்றிச் சட்டம் யோசித்திருக்கிறது. ஆனால் கம்பெனி கட்டாயப்படுத்தும் உடையை யார் துவைப்பது என்ற கேள்வியை அந்தப் பிரிவுகள் தொடவில்லை.

வேறு நாடுகளில் தொட்டிருக்கிறார்கள். 1978-ல் அமெரிக்காவில் வந்த ஈயம் தொடர்பான விதிமுறைப்படி, வரம்புக்கு மேல் ஈயத்தூசு உள்ள இடத்தில் வேலை செய்பவரின் பாதுகாப்பு உடையை முதலாளிதான் துவைத்துத் தர வேண்டும். தூசு மிக அதிகமென்றால் தினமும் சுத்தமான உடை. துவைக்கப் போகிறவருக்கு அதிலுள்ள ஆபத்தை எழுத்தில் சொல்லவும் வேண்டும். இது சும்மா வந்த ஞானம் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிகளின் வேலை உடையை வீட்டில் துவைத்த பெண்களுக்கும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய் வந்ததை 1965-ல் வெளியான லண்டன் ஆய்வு காட்டியது. ஆலைக்குள் காலே வைக்காதவர்கள் அவர்கள்! வேலை உடையோடு வேலையிடத்து நஞ்சும் வீட்டுக்கு வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒரகடத்துச் சீருடையில் இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் இல்லை, உண்மைதான். ஆனால் உலோகம் கடையும்போது தெளிக்கும் குளிர்விப்புத் திரவம் சட்டையில் ஊறி நாளெல்லாம் தோலோடு ஒட்டிக்கிடந்தால் அரிப்பும் புண்ணும் வரும். அந்தச் சட்டை குழந்தையின் துணியோடு ஒரே வாளியில் ஊறுகிறது.

"இதெல்லாம் ஒரு பிரச்சனையா?"

இப்படிக் கேட்பவர்களிடம் மூன்று வாதங்கள் தயாராக இருக்கும்.

முதல் வாதம்: "அந்தக் காலத்தில் யார் மெஷின் கேட்டார்கள்? கையால் துவைத்துத்தான் பத்து வருஷம் உடுத்தினார்கள்." அந்தக் காலத்தில் ஊரார் துணியை ஊரார் துவைக்கவில்லை என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். உவர்மண் எடுத்து வந்து ஊறவைத்து, வெள்ளாவி வைத்து ஆவியில் அவித்து, குளத்தில் அலசி, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு என்று கையால் அறிந்திருந்தது ஒரு சாதி. அந்த அறிவுக்கும் உழைப்புக்கும் கிடைத்த கூலி கொஞ்சம் தானியமும் நிறைய அவமானமும். அது திரும்ப வர வேண்டியதே இல்லை. ஆனால் துணி நீண்ட நாள் உழைத்ததற்குக் காரணம் பாட்டனின் ஒழுக்கம் என்று பெருமை பேச வேண்டாம். துவைப்பது ஒரு முழுநேரத் தொழில் என்பதைத்தான் அந்தக் காலமும் காட்டுகிறது.

இரண்டாவது வாதம்: "சலவைப்படி கொடுக்கிறார்களே!" கொடுக்கும் இடத்தில் நல்லதுதான். ஆனால் பணம் வாளித் தண்ணீரை மென்மையாக்காது. மழைக்காலத்தில் கொடியை நீட்டாது. எட்டு மணி நேர வேலை, பயணம், சமையல் எல்லாம் போக மிஞ்சுகிற தூக்கத்தில் அரைமணி நேரத்தைத் திருப்பித் தராது. அதோடு, படி என்பது பெரும்பாலும் நிரந்தரத் தொழிலாளியின் ஒப்பந்தத்தோடு நின்றுவிடும் சமாச்சாரம். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அந்தப் பக்கமே கிடையாது.

மூன்றாவது வாதம்: "இத்தனை பேர் துணியைக் கம்பெனி துவைக்க முடியுமா? நடைமுறைக்கு ஒத்துவராது." இதற்கு ஒரு கணக்கு போதும். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பெண்கள் நெடுஞ்சாலைக்கு வந்து மறியல் செய்தார்கள். அதன் பிறகுதான் ஹாஸ்டல் என்று ஒன்று இருப்பதே நாட்டுக்குத் தெரிந்தது. 2024 ஆகஸ்ட் 17-ல் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு வளாகம் திறக்கப்பட்டது. செலவு சுமார் 706 கோடி ரூபாய். ஆளுக்குத் தினம் ஒரு செட் என்று வைத்துக்கொண்டால் அத்தனை பேருக்கும் ஒரு நாளைக்கு 18,720 செட். துவைக்க ஒன்று, அலச இரண்டு என்று ஆளுக்கு மூன்று வாளி, வாளிக்கு 15 லிட்டர் என்றால் எட்டு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர். இவ்வளவு பெரிய சலவையைத் தனித்தனி வாளியில் செய்யச் சொல்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவராதது! பெரிய சலவைக்கூடத்தில் கடைசியாக அலசிய தண்ணீரை அடுத்த சுற்றுக்கு முதல் தண்ணீராக விடலாம். கடினத்தன்மையை ஒரே இடத்தில் நீக்கலாம். ஆஸ்பத்திரியும் ஹோட்டலும் ரயில்வேயும் இதைத்தான் செய்கின்றன. ரயிலில் ஏ.சி. பெட்டியில் வரும் போர்வைக்கும் விரிப்புக்கும் இருக்கிற சலவைக்கூடம், கார் செய்கிற கைக்கு ஏன் கிடையாது?

ஒரே வளாகம் என்றால் திட்டத்திலேயே இதைச் சேர்க்கலாம். சுங்குவார்சத்திரத்திலும் படப்பையிலும் ஒரகடத்திலும் சிதறிக்கிடக்கும் வாடகை ரூம்களுக்கு அதுவும் முடியாது. அவர்களுக்கு ஆலை வாசல்தான் வழி. அழுக்கு உடையை ஷிஃப்ட் முடிந்ததும் ஆலையிலேயே போட்டுவிட்டு, துவைத்த உடையை மறுநாள் அங்கேயே வாங்கிக்கொள்வது.

அதுவரைக்கும்...

நியாயம் கிடைக்கும்வரை சட்டை காத்திருக்காது. ஒரு வாளித் தண்ணீரும் அரை மணி நேரமும் மட்டும் இருப்பவர் செய்யக்கூடியவை இவை. பால்கனி தேவையில்லை.

1. எண்ணெய்க்கறையை நனைப்பதற்கு முன்பே கவனிக்க வேண்டும். காய்ந்த துணியில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு விரலால் தேய்த்து, பத்து நிமிஷம் கழித்து நனைத்தால் பாதிக் கறை தளர்ந்திருக்கும்.

2. உப்புத்தண்ணீரில் சோப்புக்கட்டியைவிடச் சோப்புத்தூள் பரவாயில்லை. தூளைப் போடுவதற்கு முன்னால் வாளியில் ஒரு ஸ்பூன் சலவை சோடா கரைத்தால் நுரை வரும், தூளும் மிச்சமாகும். பருத்திக்கும் பாலி-காட்டனுக்கும் மட்டும்தான் இது. பட்டு, கம்பளிக்கு வேண்டவே வேண்டாம்.

3. பிரஷ் சட்டை முழுவதற்கும் தேவையில்லை. காலர், கஃப், அக்குள் மூன்றையும் கையால் தேய்த்தால் போதும். சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுத் துவைத்தால் நூல் முடிச்சும் சாயம் வெளுப்பதும் குறையும்.

4. ஊறவைக்க அரைமணி நேரம் போதும். ராத்திரி முழுக்க ஊறினால் அழுக்கு திரும்பத் துணியிலேயே ஏறும், வாடையும் வரும்.

5. துவைக்க முடியாத அளவு அசதியா? வியர்த்த சட்டையை வெறும் தண்ணீரில் ஒரு முறை அலசிக் காயப்போட்டால்கூட நாற்றமும் துணிச்சேதமும் குறையும். சுருட்டி மூலையில் போடுவதுதான் மோசம்.

6. ரேயானையும் லெக்கிங்ஸையும் முறுக்க வேண்டாம். காய்ந்த துண்டில் சுருட்டி அழுத்தினால் ஈரம் இறங்கிவிடும். ரூமுக்குள் காயும்போது மின்விசிறிக்கு நேராக, துணிக்குத் துணி இடைவெளி விட்டுப் போட்டால் சீக்கிரம் காயும்.

7. கறுப்புக் கட்டம் போட்ட கோட்டுக்கும் தீத்தடுப்பு உடைக்கும் கம்ஃபர்ட், கஞ்சி, பிளீச்சிங் மூன்றும் கூடாது. வாசனைக்காக ஊற்றினால் போவது பாதுகாப்பு.

இவற்றைச் செய்தால் இரண்டு செட் சீருடை சில மாதங்கள் கூடுதலாக உழைக்கலாம். ஆனால் அந்தச் சில மாதமும் யாருடைய தூக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்பதை மறக்கக்கூடாது.

கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் இல்லை. இரண்டு செட்டுக்குப் பதில் நாலு செட், அதுவும் கான்ட்ராக்ட், டிரெய்னி எல்லோருக்கும். எண்ணெயும் ரசாயனமும் படும் பகுதிகளில் வேலை செய்பவர்களின் உடை ஆலையை விட்டு வெளியே போகாமல் அங்கேயே சலவை. ஒவ்வொரு விடுதிக்கும் அனுமதி தரும்போது தலைக்கு எத்தனை கட்டில் என்று எண்ணுவதோடு, எத்தனை அடி கொடி, எத்தனை லிட்டர் துவைக்கும் தண்ணீர் என்றும் எண்ணுவது. அடுத்த ஊதிய ஒப்பந்தம் பேசும் சங்கங்கள் இந்த மூன்றையும் பட்டியலில் சேர்க்கலாம். சேர்த்தால் கம்பெனி திவாலாகாது.

சட்டைப் பையின் மேல் கம்பெனி பெயரைத் தைத்துத்தான் கொடுக்கிறார்கள். அந்தச் சட்டை யாருடையது என்று அவர்களே எழுதிக்காட்டிய பிறகு, துவைக்க வேண்டியது யார் என்பதில் என்ன சந்தேகம்?